ஆலைக்குள் இருந்த கிணறுகள்

குருவிகுளம் பக்கத்துக் கரிசலில் ஒரு கிணற்றை நல்லதண்ணீர்க் கிணறு என்றும் அடுத்ததை உப்புக் கிணறு என்றும் பிரித்துச் சொல்ல யாருக்கும் சோதனைக்கூடம் தேவைப்பட்டதில்லை. வாயில் வைத்தால் தெரியும். பருப்பு வேகாமல் கிடந்தால் தெரியும். துவைக்கையில் சோப்பு நுரைக்காவிட்டால் தெரியும். உப்புக்கு இந்த அறிவு போதும். ஈயத்துக்கும் ஆர்சனிக்குக்கும் போதாது. குடிநீரில் லிட்டருக்கு 0.01 மில்லிகிராம் ஈயம் என்பதே இந்தியத் தர நிர்ணயம் வைத்திருக்கும் வரம்பு. அது பத்து மடங்கானாலும் நாக்கு காட்டிக் கொடுக்காது. ஆகவே, ஆலை வந்த ஊரில் கிணற்றின் குணத்தைச் சொல்லும் பொறுப்பு ஊராரின் நாக்கை விட்டு அறிக்கைக் காகிதத்துக்குப் போய்விடுகிறது. அந்தக் காகிதம் யார் கையில் இருந்தது, எப்போது எழுதப்பட்டது, எப்போது எழுதப்படாமலே போனது என்று தேடினால், நம் தொழிற்பேட்டைகளின் வரலாற்றில் பாதி அதிலேயே கிடைக்கும். குருவிகுளத்துக்குத் தென்கிழக்கே, கோவில்பட்டியைத் தாண்டி, கரிசல் கடலை நெருங்கும் தூத்துக்குடியில் இந்தக் காகிதக் கதை பட்டவர்த்தனமாக நடந்தது.

சட்டத்தில் குறை சொல்ல இடமில்லை. 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் ‘நீரோட்டம்’ என்ற சொல்லுக்குள் நிலத்தடி நீரையும் சேர்த்தே வரையறுத்தது. கிணற்றில் மாதிரி எடுக்கும் அதிகாரத்தையும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களுக்குக் கொடுத்தது. நடைமுறையில், கிணறு கெட்ட பிறகுதான் கணக்கெடுப்பு தொடங்கியது. வேலூர்த் தோல் பதனிடும் ஆலைகள் பற்றிய வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில், திண்டுக்கல் வட்டாரத்து 13 கிராமங்களில் 467 கிணறுகளுக்கு 350 கிணறுகள் கெட்டுப்போயிருந்தன என்ற கணக்கு வருகிறது. எடுத்தது அரசு அல்ல, ஒரு தன்னார்வ அமைப்பு. அந்த எண்ணிக்கை எவ்வளவு பயங்கரமானதோ அவ்வளவு ஊனமானதும்கூட: அதே கிணறுகள் ஆலைகளுக்கு முன் எப்படி இருந்தன என்பதை அது சொல்லாது. அமெரிக்காவில் 1980இல் வந்த விதிகள் இந்த ஊனத்தை முன்கூட்டியே யோசித்திருந்தன. அபாயக் கழிவை நிலத்தில் கொட்டும் இடத்தில், நிலத்தடி நீர் வரும் திசையில் குறைந்தது ஒரு கிணறும், அது கடந்துபோகும் திசையில் மூன்றும் வேண்டும் என்றன. வருகிற நீருக்கும் போகிற நீருக்கும் உள்ள வித்தியாசம்தான் ஆலையின் பங்கு. இதில் பெரிய விஞ்ஞானம் ஒன்றுமில்லை, கடைக்காரர் இருப்புக் கணக்குப் பார்ப்பது போலத்தான்.

தூத்துக்குடி மீளவிட்டான் சிப்காட்டில் ஸ்டெர்லைட் தாமிர உருக்காலை 1996இல் உற்பத்தியைத் தொடங்கியது. இரண்டே ஆண்டில், உயர் நீதிமன்றத்தின் உத்தரவின்பேரில் நாக்பூரின் ‘நீரி’ ஆய்வகம் அங்கே வந்தது. 1998 நவம்பரில் ஆலை மூடப்பட்டுச் சில நாளில் திறக்கப்பட்டது. 1999, 2003, 2005, 2011 என்று நீரியின் அறிக்கைகள் தொடர்ந்தன. மாசுபடுத்தியதற்காக 100 கோடி ரூபாய் செலுத்தச் சொன்ன உச்ச நீதிமன்றத்தின் 2013ஆம் ஆண்டுத் தீர்ப்பும் இவற்றையே பெரிதும் சார்ந்தது. ஐந்து முறை நாடி பிடித்துப் பார்த்துப் பதினைந்து வருடக் காய்ச்சலை எழுதிய கதை இது. கோடையில் எடுத்த நீரும் வடகிழக்குப் பருவமழை முடிந்து எடுத்த நீரும் ஒன்றாக இருக்காது. குழாயில் தேங்கியதை இறைத்துக் கொட்டாமல் எடுத்த மாதிரியும் ஊற்று நீரும் ஒன்றல்ல. தேதியையும் கையையும் தேர்ந்தெடுப்பவர் முடிவையும் ஓரளவு தேர்ந்தெடுத்துவிடுகிறார். அதற்கு மருந்து விடாத தொடர்கணக்கு ஒன்றுதான். 2018 ஏப்ரல் 9 அன்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆலை இயங்குவதற்கான இசைவைப் புதுப்பிக்க மறுத்தபோது சொன்ன ஐந்து காரணங்களில் ஒன்று அதையே தொட்டது: ஆலை வளாகத்திலும் சுற்றுப்புறத்திலும் உள்ள ஆழ்துளைக் கிணறுகளின் நீர்ப் பகுப்பாய்வு அறிக்கையை நிறுவனம் தரவில்லை.

கடலோரத்து நீர் இயல்பிலேயே உப்பு, சிப்காட்டில் வேறு ஆலைகளும் உண்டு, இவர்கள்மேல் மட்டும் ஏன் பழி என்பது பலமான ஆட்சேபம். உண்மைதான். ஆனால் அந்த உண்மையை நிரூபிக்கும் சாட்சியும் அதே கிணறுகளில்தான் இருந்தது. வரும் நீரும் போகும் நீரும் ஒரே தரம் என்று மாதாமாதம் எழுதிவைத்திருந்தால் நிறுவனத்துக்கு அதைவிட நல்ல வக்கீல் கிடைத்திருக்க முடியாது. ஆண்டுக்கு 4 லட்சம் டன் தாமிரம் எடுக்கும் ஆலையை ஒரு காகிதத்துக்காக மூடலாமா என்று கேட்டவர்களும் உண்டு. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2018 டிசம்பரில் திறக்கவும் சொன்னது. தீர்ப்பாயத்துக்கு அந்த அதிகாரம் இல்லையென்று உச்ச நீதிமன்றம் 2019 பிப்ரவரியில் அதை நீக்கியது. காகிதம் மட்டுமே காரணமாக இருக்கவில்லை: உப்பாற்றங்கரையில் கிடந்த தாமிரக் கசடு, ஜிப்சக் குட்டை, அபாயக் கழிவுக்கான அனுமதி எல்லாம் சேர்ந்தே வந்தன. தவிர, மற்றக் காகிதங்களைப் பின்னர் எழுதிக் கொடுத்துவிடலாம். போன வருடத்துத் தண்ணீரை இந்த வருடம் மொள்ள முடியாது.

எனக்குப் பதில் கிடைக்காத ஆட்சேபம் மூன்றாவது: வாரியம் அதுவரை என்ன செய்துகொண்டிருந்தது? மாதிரி எடுக்கும் அதிகாரம் அதன் கையிலேயே இருந்தது. இசைவைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்ததும் அதுவே. ஆலையை அடுத்த குமரெட்டியாபுரத்து மக்கள் 2018 பிப்ரவரியில் போராட்டத்தில் உட்கார்ந்த பிறகு கண்ணில் பட்ட குறை, அதற்கு முன் படவில்லை என்றால், கண்காணித்தவரின் கணக்கும் ஆலையின் கணக்கைப் போலவே ஓட்டைதான். போராட்டத்தின் நூறாம் நாளான மே 22இலும் மறுநாளும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். 28ஆம் தேதி அரசு மூடல் ஆணை பிறப்பித்தது. 2020இல் உயர் நீதிமன்றமும் 2024 பிப்ரவரி 29இல் உச்ச நீதிமன்றமும் நிறுவனத்தின் வழக்கைத் தள்ளின.

வழக்கு முடிந்தாலும் கிணற்றைப் பார்க்கும் வேலை முடியவில்லை. ராணிப்பேட்டையில் அரசுத் தொடர்புடைய குரோமேட் ஆலை 1995இலேயே மூடப்பட்டது. அது விட்டுப்போன 2 லட்சம் டன்னுக்கு மேற்பட்ட குரோமியக் கழிவின் மேட்டிலிருந்து, கால் நூற்றாண்டு கழித்தும், மழை பெய்தால் மஞ்சள் நீர் கசிந்தது.