டிங்கர் பெல்லும் ஃபயர்ஃப்ளையரும்

ஜே. எம். பாரியின் 'பீட்டர் அண்ட் வெண்டி' நாவல் 1911இல் வந்தது. பீட்டர் பான் உரிமைகளை அவர் 1929இல் லண்டனின் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனைக்கு எழுதிக்கொடுத்தார். பின்னாளில் அந்த மருத்துவமனையே போட்டி வைத்து ஜெரால்டின் மெக்காக்ரனைத் தேர்ந்தெடுத்தது. அவர் எழுதிய தொடர்ச்சி, 'பீட்டர் பான் இன் ஸ்கார்லெட்', 2006இல் வெளியானது. இரண்டு நூல்களின் குணமும் எங்கே பிரிகிறது என்பதைத் தேவதைகளை வைத்தே சொல்லிவிடலாம்.

பிறப்பில் வேறுபாடு இல்லை. குழந்தையின் முதல் சிரிப்பிலிருந்து தேவதை உண்டாகும் என்ற பாரியின் விதியை மெக்காக்ரனும் காப்பாற்றுகிறார். இறப்பில்தான் வேறுபாடு. தேவதையே இல்லை என்று ஒரு குழந்தை சொன்னால் எங்கோ ஒரு தேவதை செத்துவிழும் என்கிறார் பாரி. பீட்டருக்கு வைத்த விஷத்தைக் குடித்துச் சாகக் கிடக்கும் அவனுடைய தேவதை டிங்கர் பெல்லைப் பிழைக்கவைப்பது குழந்தைகளின் நம்பிக்கை. இதே கதை 1904இல் நாடகமாக மேடையேறியபோது அது பார்வையாளர்களின் கைதட்டல். பீட்டர் நெவர்லேண்ட் தீவுக்கு அழைத்துவந்த சிறுமி வெண்டியையே பொறாமையில் கொல்லப் பார்த்தவள் டிங்கர் பெல். அவளைக் காப்பாற்றும் பொறுப்பும் நம் தலையில்தான்.

தொடர்ச்சியில் வரும் தேவதை ஃபயர்ஃப்ளையர் பெருந்தீனிக்காரன், புளுகன். சிரிக்கவைக்கிறான், ஆனால் டிங்கர் பெல்லுக்காக வந்த பதற்றம் அவனிடம் வரவில்லை. வாசகரிடம் அவன் எதையும் கேட்பதில்லை.

மெக்காக்ரனின் மாயம் துணிமணிக்குள் இருக்கிறது. கதை நடப்பது 1926இல். வெண்டியின் தம்பி மைக்கேல் முதல் உலகப் போரில் இறந்துவிட்டான். முதல் நூலில் பீட்டரோடு இருந்த மற்ற பிள்ளைகள் இப்போது நடுவயதுக்காரர்கள், தங்கள் பிள்ளைகளின் உடையை மாட்டிக்கொண்டு மறுபடியும் சிறுவர்களாகிறார்கள். அவர்களில் பெண் பிள்ளைகள் மட்டுமே உள்ள டூட்டில்ஸ் சிறுமியாகிவிடுகிறான். பீட்டரின் எதிரியான கடற்கொள்ளைத் தலைவன் ஹூக்கின் கோட்டைப் போட்ட பீட்டருக்கு ஹூக்கின் குணமே தொற்றுகிறது. பாரியிடம் இல்லாத, அவரும் விரும்பியிருக்கக்கூடிய கற்பனை இது.

முதல் நூலின் முடிவில் பீட்டர் டிங்கர் பெல்லையே மறந்துபோகிறான். மறதிதான் அவனுடைய இளமை. தொடர்ச்சியோ நெவர்லேண்டை மறக்க முடியாதவர்களின் கதை. தேவதைக்காகப் படிப்பவருக்குப் பாரியே போதும். வளர்ந்தவர்கள் திரும்பிப் போனால் என்ன ஆகும் என்று கேட்கும் பிள்ளைக்கு மெக்காக்ரனைத் தயங்காமல் கொடுக்கலாம்.