குளிரும் வஜ்ஜிரமும்

"மார்கழி விடியக்காலையில வஜ்ஜிரம் பிடிக்காதுப்பா, வெயில் ஏறட்டும்" என்பார் எங்கள் ஊர் ஆசாரி. காய்ச்சிய பசையைப் பலகையில் தடவிப் பொருத்துவதற்குள் கூழாக உறைந்துபோகும். அந்தப் பசை மாட்டுத்தோல் கழிவிலிருந்து வருவது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். யாரும் பேசிக்கொண்டதில்லை. அவர் இழைத்த கட்டில் ஊர்த்தெருவுக்குப் போகும். அதை நாங்கள் தொடக்கூடாது. கட்டிலின் மூட்டைப் பிடித்து நிறுத்தியதோ எங்கள் தாத்தா உரித்த தோல்.

குளிரில் என்னதான் நடக்கிறது? தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் என்கிற புரதம்தான் காய்ச்சக் காய்ச்சப் பசையாகிறது. சுமார் 60 டிகிரி செல்சியஸில் தண்ணியாக ஓடும். 35க்குக் கீழே இறங்கினால் உறையத் தொடங்கும். குளிர்ந்த பலகை பசையின் சூட்டை உறிஞ்சிவிடுவதால், மரத்தின் துளைகளுக்குள் இறங்காமல் மேலேயே ஆடை கட்டிக்கொள்ளும். அன்றைக்குப் பார்த்தால் மூட்டு சரியாகத்தான் இருக்கும், பாரம் ஏறும்போது விட்டுப்போகும். அதனால்தான் ஐரோப்பியத் தச்சர்கள் கொதிதண்ணீர்ப் பாத்திரத்துக்குள் பசைச்சட்டியை வைத்தார்கள், ஒட்டும் முன் பலகையை அடுப்போரம் காட்டினார்கள். தச்சு நூல்கள் இதையெல்லாம் விரிவாகவே சொல்கின்றன.

ஆனால் இது ஒட்டுகிறவன் பக்கத்துக் கதை. காய்ச்சுகிறவன் பக்கத்தில் குளிர் எதிரியே இல்லை. 1400 வாக்கில் நூல் எழுதிய இத்தாலிய ஓவியர் சென்னினோ சென்னினி, ஆட்டின் மூஞ்சி, கால், நரம்பு, தோல் துண்டுகளைக் கொண்டு பசை காய்ச்சுவதை ஜனவரி, மார்ச் மாதத்துக் கடுங்குளிரிலோ காற்றிலோதான் செய்யவேண்டும் என்கிறார். காரணம் எளிது. வெக்கையில் கூழ் இறுகாது, காய்வதற்குள் அழுகிவிடும். ஒருவனுக்குக் கைகொடுக்கிற குளிர்தான் இன்னொருவன் மூட்டைக் கெடுக்கிறது. தச்சு நூலைப் படித்துத் தச்சனின் அறிவை மெச்சுகிறவர்கள் பசை காய்ச்சியவனின் இந்தப் பருவக் கணக்கை அறிவென்று எண்ணினார்களா?

மேற்கில் எல்லாம் நேராக இருந்தது என்றும் சொல்லிவிட முடியாது. ஜெர்மானிய நாடுகளில் செத்த மாட்டை உரிப்பவர்களை மானமற்றவர்கள் என்றே ஒதுக்கினார்கள். அவர்கள் பிள்ளைகளுக்குக் கைவினைச் சங்கங்களில் இடமில்லை. 1731ஆம் ஆண்டின் பேரரசு ஆணைகூட அதை அரைகுறையாகத்தான் தளர்த்தியது. நியூயார்க்கில் கதை வேறு. பீட்டர் கூப்பர் 1821இல் ஒரு பசைத் தொழிற்சாலையை வாங்கி, பசைக்குத் தரவரிசை வகுத்து, பெரும்பணக்காரரானார். 1859இல் அவர் நிறுவிய கல்விக்கூடமான கூப்பர் யூனியனின் மண்டபத்தில்தான் மறு ஆண்டு லிங்கன், அடிமை முறை புதிய நிலப்பகுதிகளுக்குப் பரவுவதை எதிர்த்துப் பேசினார். 1876இல் கூப்பர் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலிலும் நின்றார். நாற்றம் அங்கேயும் நாற்றம்தான், பிறப்போடு ஒட்டவில்லை, அவ்வளவே. அவர் வெள்ளையர் என்பதையும் மறக்க வேண்டாம்.

இப்போது டப்பாவில் வரும் வெள்ளைப் பசைக்குத் தோல் வேண்டாம். அதற்கும் குளிர் ஆகாது. சுமார் 10 டிகிரிக்குக் கீழே நீர் வற்றினாலும் துகள்கள் ஒன்றுகூடாமல் சுண்ணாம்புப் பொடிபோல் நின்றுவிடும். சோட்டாநாக்பூர் ஆதிவாசிகள் திரட்டும் அரக்கிலிருந்து வரும் மெருகும் ஈரக்குளிரில் வெளுத்துப்போகும்.

செத்த மாட்டிறைச்சியை விடுங்கள் என்றார் அம்பேத்கர், 1927இல் மகாடில். எங்கள் அப்பா தோல் வேலையையே விட்டார். விட்டதுதான் சரி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கைவிட்ட தொழிலோடு அதிலிருந்த அறிவையும் இழிவென்று புதைத்துவிடுவதா என்று நம் தோழர்களிடம் கேட்கிறேன். தாத்தாவிடம் கேட்டபோது வெகுநேரம் பேசாமலிருந்துவிட்டுச் சொன்னார்: "சுண்ணாம்புல ஊறப்போடணும். பல தண்ணி அலசணும். சின்னத் தீதான். தளதளன்னு கொதிச்சா பசை செத்துப்பூடும்."