நினைவிலிருந்து கீறிய வீடுகள்

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊரைவிட்டுப் போகும்படி யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கு விடுதலைப் புலிகள் கட்டளையிட்டார்கள். அந்த மாதத்தில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நம்மவர்கள் ஏறத்தாழ 75,000 பேர். பலர் புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களில் ஒதுங்கினார்கள்.

அந்த வீடுகள் ஒரு கலைப் படைப்பில் பதிவாகியிருப்பதை நாம் அறிந்துகொள்ள வேண்டும். யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன், போரால் வீடிழந்த தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் தங்கள் வீட்டின் படத்தை நினைவிலிருந்து கீறித் தரக் கேட்டார். அவற்றை அளவுப்படங்களாக்கி, தன் ஓவியங்களையும் சேர்த்து 2011இல் நூலாக வெளியிட்டார். முற்றுப்பெறாத தோம்பு என்பதே அதன் தலைப்பின் பொருள். தோம்பு என்றால் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு. அரசாங்கத்தின் தோம்பு காணிக்கு உரியவரைச் சொல்லும். அந்த வீட்டில் வாழ்ந்த வாழ்க்கையைச் சொல்லாது. அதைச் சொல்ல வாழ்ந்தவர்தான் வேண்டும்.

நம் மூத்தவர்கள் பலர் மௌத்தாகிவிட்டார்கள். இருப்பவர்களிடம் இன்றே தாளும் பென்சிலும் கொடுப்போம். கிணறு எங்கே, குசினி எங்கே, வாசல் எந்தப் பக்கம் என்று கீறச் சொல்வோம். பெயரையும் தெருவையும் பக்கத்தில் எழுதிவைப்போம். ஊரைக் காணாமல் பிறந்த நம் பிள்ளைகளுக்கு அதுவே தோம்பு.