மருந்துக்கும் மருந்துக்கும் இடையே
சப்ரகமுவத் தோட்டங்களில் குழந்தைப் புற்றுநோய்ப் பராமரிப்பு: ஒரு வரலாற்று நோக்கு

மருத்துவ வரலாறு பெரும்பாலும் மருந்துகளின் வரலாறாகவும் அவற்றைக் கண்டறிந்தோரின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. நோயாளி வைத்தியசாலையை விட்டு வீடு திரும்பிய பின் நிகழ்வன அதில் இடம்பெறுவது அரிது. குழந்தைகளைப் பீடிக்கும் இரத்தப் புற்றுநோயைப் பொறுத்தவரை இது பெருங்குறையாகும். இந்நோய்க்குரிய சிகிச்சை இரண்டு மூன்று ஆண்டுகள் நீடிப்பது. அக்காலத்தின் பெரும்பகுதி வீட்டிலேயே கழிவது.

1947ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் சிட்னி பார்பர் என்னும் வைத்தியர் இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்கு அமினோப்ரெறின் என்ற மருந்தைக் கொடுத்தார். அதனை உருவாக்கிய ஆய்வுக் குழுவின் தலைவர், சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் ஆவார். நோய் தணிந்தது, ஆயினும் சில மாதங்களில் மீண்டும் தலையெடுத்தது. 1960களில் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து பெறப்பட்ட வின்கிறிஸ்ரினும் வேறு மருந்துகளும் ஒன்றுசேர்த்து வழங்கப்பட்ட பின்னரே பூரண குணம் என்ற பேச்சு எழுந்தது. முத்துலெட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் தோன்றிய அடையாறு புற்றுநோய் நிலையம் 1980களில் வேறு இந்திய நிலையங்களுடன் இணைந்து இத்தகைய கூட்டுச் சிகிச்சையை மேற்கொண்டது. இச்சிகிச்சை முறை வளர வளர, ஒரு சுற்றுக்கும் மறு சுற்றுக்கும் இடையே குழந்தையைக் காக்கும் பொறுப்பு வைத்தியரிடமிருந்து தாயிடம் வந்து சேர்ந்தது.

அப்பொறுப்பு சிறியதன்று. புற்றுநோய்க் கலங்களை அழிக்கும் மருந்து எலும்பு மச்சையையும் தாக்குகின்றது. நோய்க்கிருமிகளை எதிர்க்கும் வெண்குருதிக் கலங்கள் பொதுவாக 7 முதல் 14 நாட்களுள் மிகக் குறைந்த நிலையை அடைகின்றன. பல வேளைகளில் அந்நாட்களிலேயே குழந்தை வீட்டில் இருக்கும். வெப்பநிலை 38 பாகை செல்சியசை எட்டுமாயின் குழந்தையை உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுதல் வேண்டும். ‘பனடோல்’ கொடுத்து விடியும்வரை காத்திருப்பது உயிருக்கே கேடாக முடியலாம். கொதித்தாறிய நீர், அன்றன்று சமைத்த உணவு, கழுவிய கைகள், கூட்டத்தைத் தவிர்த்தல் ஆகியன பிற விதிகள். அயலில் எவருக்கேனும் கொப்புளிப்பான் கண்டால், குழந்தையின் உடலிற் கொப்புளம் தோன்றுமுன்னரே வைத்தியருக்கு அறிவித்தல் வேண்டும்.

இவ்விதிகள் யாவும் தனி அறையையும், குழாய் நீரையும், வாகன வசதியையும் எண்ணத்திற்கொண்டு வகுக்கப்பட்டவை. இறக்குவானை, காவத்தை, எட்டியாந்தோட்டை, தெரணியகலை முதலிய பகுதிகளின் லயங்களில் இவை எளிதிற் கிட்டுவனவல்ல. ஒரே காம்பராவில் அடுப்பும் படுக்கையும் இருக்கும்; நீர்க்குழாய் பல குடும்பங்களுக்குப் பொதுவாக இருக்கும். நோயுற்ற பிள்ளையைப் பார்க்க வருவது லயத்து வழக்கம், வாராதிருப்பதே குற்றம். ஆனால் அந்த அன்பே இங்கு ஆபத்தாகின்றது. வந்தவரை வாசலில் நிறுத்தித் திருப்பியனுப்பும் தாய், உறவைப் பகைக்கும் பழியையும் ஏற்க நேரிடுகின்றது.

தூரம் பிறிதொரு தடையாகும். நாட்டின் முதன்மையான புற்றுநோய் வைத்தியசாலை மகரகமையில் உள்ளது. 1912இல் இரத்தினபுரியை எட்டிய களனிவெளிப் புகையிரதப் பாதை மகரகமை வழியாகவே சென்றது. தேயிலையையும் இறப்பரையும் கொழும்புக்குக் கொண்டுசென்ற அப்பாதையில், அவிசாவளைக்கு அப்பாலான பகுதி 1970களிற் கைவிடப்பட்டது. இன்று எஞ்சியிருப்பது நெடுஞ்சாலையே. இரவிற் காய்ச்சல் கண்ட பிள்ளையைத் தோட்டத்து மண்பாதை வழியே அந்நெடுஞ்சாலைக்குக் கொணர்வதே முதற் சோதனையாகும்.

இந்நிலைக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1872ஆம் ஆண்டின் வைத்தியத் தேவைகள் கட்டளைச் சட்டம் முதலாகத் தோட்ட வைத்தியம், உழைக்கும் கரங்களைத் தோட்டத்தில் நிலைநிறுத்தும் நோக்குடனேயே வளர்ந்தது. காய்ச்சலுக்கும் காயத்துக்கும் மருந்து கொடுக்கத் தோட்டத்து மருந்துசாலை இருந்தது. நெடுநாட் பராமரிப்பு அதன் கணக்கில் இடம்பெறவில்லை. 1972, 1975ஆம் ஆண்டுகளில் தோட்டங்கள் அரசுடைமையாயின; 1992இல் அவற்றின் முகாமை கம்பனிகளிடம் சென்றது. உரிமை கைமாறிய ஒவ்வொரு வேளையிலும் நாட்கூலி முறை மட்டும் கைமாறாது நின்றது. பிள்ளையின் அருகில் இருந்த நாளுக்குத் தாய்க்குப் ‘பேர்’ விழுவதில்லை. பிள்ளைகள் பலர் கூடும் பிள்ளைக்காம்பராவோ வெண்குருதிக் கலம் குறைந்த குழந்தைக்கு உகந்த இடமன்று. ஆகவே பாட்டியின் கையில் விட்டு மலைக்குச் செல்வதா, கூலியை இழந்து வீட்டில் இருப்பதா என்ற வினா, சிகிச்சையின் ஒவ்வொரு சுற்றிலும் எழுகின்றது. கூலி இழப்புத் தொடருமாயின், அடுத்த சுற்றுக்கான பயணச் செலவே கைக்கு எட்டாது போய்விடும். நடுவழியிற் சிகிச்சை கைவிடப்படுவதற்கு அறியாமையே காரணம் என்போர் இக்கணக்கை எண்ணிப்பார்ப்பதில்லை.

மருந்தைக் கண்டறிதற்கு வேண்டியிருந்த அறிவோடு ஒப்பிடுமிடத்து, இவ்விடைக்காலத்தைக் காக்க வேண்டுவன மிக எளியவை: தாயின் கையில் ஒரு வெப்பமானி, இரவிலும் புறப்படும் ஒரு வாகனம், இந்நோயின் ஆபத்தை அறிந்த தோட்டத்து மருந்துசாலை, பராமரிக்கும் நாளுக்கும் விழும் ஒரு பேர். இவற்றுள் இறுதியானதை ஒன்றரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட தோட்ட வரலாறு இன்னும் வழங்கவில்லை.