செர்ராடோவின் புளித்த மண்

பிரேசிலின் நடுவே ஏறக்குறைய 20 கோடி ஹெக்டேருக்குப் பரந்து கிடக்கும் புல்வெளிக் காட்டுக்குச் செர்ராடோ என்று பெயர். செம்மண்ணும் கோணல்மாணலான குட்டை மரங்களும் கொண்ட அந்தப் பூமி, 20-ஆம் நூற்றாண்டின் பாதிவரை மாடு மேய்க்க மட்டுமே ஆகும் என்று ஒதுக்கப்பட்டிருந்தது. காலங்காலமாகப் பெய்த மழை கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டு போய்விட, இரும்பும் அலுமினியமும் தங்கின. பி.எச். அளவு பெரும்பாலும் 5-ஐ ஒட்டியோ அதற்குக் கீழோதான்; அதாவது அமிலம் ஏறிப் புளித்த மண்.

அமிலத்தைவிட, அது கரைத்துவிடும் அலுமினியமே பயிருக்குப் பெரிய எதிரி. அத்தகைய மண்ணில் முளைத்த சோயாச் செடியைப் பிடுங்கினால் வேர் நுனி தடித்து, பக்கவேர் விடாமல் மொட்டையாக நிற்கும். சோயா போன்ற பயறு இனத்துக்கு மேலும் ஓர் இடி உண்டு. தழைச்சத்தைச் சேர்த்துத்தரும் பாக்டீரியா, வேர்த்தூவி வழியாகத்தான் உள்ளே நுழைகிறது. தூவி சுருண்டு அதைப் பற்றிக்கொள்ளும் கட்டம் அமிலத்திலும் கால்சியக் குறைவிலும் எளிதில் தவறிவிடும். நுழைந்த பிறகும் காற்றின் நைட்ரஜனைப் பிணைக்கும் நொதிக்கு மாலிப்டினம் வேண்டும். புளித்த மண் அதை இறுகப் பிடித்து வைத்துக்கொள்ளும். பாக்டீரியா குடியிருக்கும் வேர்முடிச்சு நன்றாக வேலை செய்தால், அதை நகத்தால் கீறும்போது உள்ளே இளஞ்சிவப்பு தெரியும். புளித்த மண்ணிலோ முடிச்சு காண்பதே அரிது.

1950-களில் மண் ஆய்வாளர் காலின் மெக்லங்கும் கூட்டாளிகளும் சுண்ணாம்பும் உரமும் இட்டால் இந்த மண் விளையும் என்று காட்டினார்கள். 1973-இல் தொடங்கப்பட்ட எம்ப்ராப்பா ஆராய்ச்சி நிறுவனம் அதை வயலுக்குக் கொண்டுபோனது. ஹெக்டேருக்குச் சில டன் சுண்ணாம்புத்தூள் இட்டதும் அலுமினியம் அடங்கியது. மணிச்சத்து இட்டதும் பயிர் நிமிர்ந்தது.

பிரேசில் மண்ணில் சோயாவுக்கு ஏற்ற பாக்டீரியா இயற்கையாக இல்லை என்பது அடுத்த தடை. செக்கோஸ்லோவாக்கியாவில் பிறந்து பிரேசிலில் குடியேறிய ஆய்வாளர் யோஹானா டோபரைனர், நைட்ரஜன் உரத்தை நம்பாமல் பாக்டீரியாவை நம்பியே சோயாவை வளர்க்க வேண்டும் என்று விடாமல் வாதாடினார். அந்தப் பிடிவாதம் இல்லாதிருந்தால் சுண்ணாம்பு மட்டும் இவ்வளவு சாதித்திருக்காது. வளர்ப்பாளர்கள் நைட்ரஜன் உரம் இடாமலே ரகங்களைத் தேர்ந்தெடுத்தார்கள்; செர்ராடோவில் தாக்குப்பிடிக்கும் பாக்டீரியா வகைகளைத் தேடிப் பிரித்து விதையோடு கலந்தார்கள். இன்றும் பிரேசில் சோயா பெரும்பாலும் நைட்ரஜன் உரமின்றியே விளைகிறது.

செர்ராடோவை விளைநிலமாக்கிய பணிக்காக 2006-இல் மெக்லங், எட்சன் லோபாட்டோ, அலிசன் பாவ்லினெலி மூவருக்கும் உலக உணவுப் பரிசு கிடைத்தது. இதற்குள் செர்ராடோவின் இயற்கைக் காட்டில் ஏறக்குறைய பாதி மேய்ச்சலுக்கும் உழவுக்கும் போய்விட்டது. அது பேரிழப்பு. அழிந்த மரங்களில் குவாலியா போன்றவை, சோயாவின் வேரைக் கருக்கும் அதே அலுமினியத்தை இலைகளில் சேர்த்து வைத்துக்கொண்டே செழித்து வளர்ந்தவை.