கல்வெட்டு: யாழ்ப்பாணத்தில் அது ஒரு புத்தகம்

கல்வெட்டு என்றதும் தஞ்சைப் பெரியகோயில் சுவர் நினைவுக்கு வரலாம். யாழ்ப்பாணத்தில் ஒருவர் இறந்த வீட்டில் இச்சொல்லைக் கேட்டால் பொருள் வேறு. இறந்தவரின் நினைவாக அச்சிட்டு, 31ஆம் நாள் அந்தியேட்டிச் சடங்கின்போது வந்தவர்களுக்குக் கொடுக்கும் சிறு நூலே அங்கே கல்வெட்டு.

‘கல்’லும் ‘வெட்டு’ம் சேர்ந்த சொல் இது. உளி வேலை மறைந்து, பெயரையும் வாழ்வையும் அழியாமல் பதித்துவைக்கும் கருத்து மட்டும் காகிதத்துக்கு வந்துவிட்டது. இந்த நூலில் அமையும் இரங்கற்பாவுக்குச் சரமகவி என்றும் பெயருண்டு. ‘சரமம்’ என்றால் இறுதி.

இந்நூலின் உயிர்நாடி திதி வெண்பா. இறந்த ஆண்டு, மாதம், பட்சம், திதி நான்கையும் ஒரே வெண்பாவில் அடக்கிவிடுவார்கள். ஆண்டுதோறும் திவசத்துக்கு நாள் பார்க்க அதுவே ஆதாரம். தொடர்ந்து தேவார திருவாசகங்கள், வாழ்க்கை வரலாறு, மனைவி புலம்பல், மக்கள் புலம்பல் என்று பகுதிகள் விரியும்.

பிறந்த ஊர், படித்த பள்ளிக்கூடம், பார்த்த உத்தியோகம், சம்பந்தம் செய்த குடும்பம் எல்லாம் பதிவாவதால், வேறெந்த ஏட்டிலும் இடம்பெறாத எளிய மனிதர்களின் வரலாறு இங்கே கிடைக்கிறது. மலாயாவுக்கு வேலைக்குப் போனவர்களின் கதைகளும் இவற்றில் உண்டு.

இன்று ‘நினைவு மலர்’ என்ற பெயரே மிகுதியாக வழங்குகிறது. நூலகம் என்ற இணைய நூலகம் இத்தகைய மலர்களை எண்ணிமப்படுத்திப் பாதுகாக்கிறது. புலம்பெயர்ந்த ஈழத்தமிழர் டொரொண்டோவிலும் லண்டனிலும் வண்ணப்படங்களுடன் இவற்றை அச்சிடுகிறார்கள்.