மெய்ப்பெயரும் பொய்முகமும்

ஒரு நாவல் திரைப்படமாவதற்குத் தகுதியுடையதா என்னும் வினா எழும்போதெல்லாம், அதன் கதை விறுவிறுப்பானதா, அதன் காட்சிகள் கண்ணைக் கவர்வனவா என்பனவே பெரும்பாலும் ஆராயப்படுகின்றன. அந்நாவலை ஏற்றுக்கொள்ளும் தகுதி திரைக்கு உண்டா என்று வினவுவோர் மிகச் சிலரே. மாயமும் மந்திரமும் நிறைந்த புனைகதைகளைப் பொறுத்தவரை இவ்விரண்டாம் வினாவே முதன்மையானது. இதனை நன்கு விளக்கவல்ல வரலாறு ஒன்று உண்டு. அதுவே அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின் படைத்த ஏர்த்சீ நாவல்களின் வரலாறு.

லெ குவின் 1929ஆம் ஆண்டு கலிபோர்னியா மாநிலத்தின் பேர்க்லி நகரிற் பிறந்தவர். அவருடைய தந்தையார் அல்பிரட் குறோபர், அமெரிக்கப் பழங்குடி மக்களின் வாழ்வையும் மொழிகளையும் ஆராய்ந்த புகழ்பெற்ற மானிடவியல் அறிஞர். தாயார் தியோடோறா குறோபர், யாகி என்னும் குலத்தின் கடைசி மனிதரைப் பற்றி 1961இல் வெளிவந்த நூலின் ஆசிரியர். அம்மனிதர் 1911இல், தம் இனத்தார் அனைவரையும் இழந்த நிலையில், காட்டினின்றும் வெளியே வந்தார். தம் பெயரைத் தாமே பிறர்க்குக் கூறுதல் அவர் குலத்து வழக்கமன்று. தம் இனத்தான் ஒருவனே அதனை எடுத்துச் சொல்லல் வேண்டும். சொல்வதற்கோ ஒருவரும் எஞ்சியிருக்கவில்லை. ஆகவே குறோபர் அவருக்கு இஷி என்று பெயரிட்டார். அவருடைய மொழியில் அச்சொல்லின் பொருள் 'மனிதன்' என்பதாகும். 1916இல் இஷி இறந்தபோது, அவருடைய உண்மைப் பெயர் எவரும் அறியாமலே அவருடன் மறைந்தது.

ஏர்த்சீ நாவல்களைப் படிப்போர் இந்நிகழ்ச்சியை நினையாதிருத்தல் அரிது. ஏனெனில் அந்நாவல்களின் அடிப்படையே பெயர்தான். ஏர்த்சீ என்பது கடலாற் சூழப்பட்ட எண்ணற்ற தீவுகளின் உலகம். அங்கே கல்லுக்கும் கடலுக்கும், பறவைக்கும் மனிதனுக்கும், தொன்மையான மொழி ஒன்றில் மெய்ப்பெயர் உண்டு. ஒரு பொருளின் மெய்ப்பெயரை அறிந்தவன் அதனை ஆளும் வல்லமை பெறுகிறான். ஆதலின் மக்கள் தம் மெய்ப்பெயரை மறைத்து, வழக்குப்பெயர் ஒன்றாலே அழைக்கப்படுகின்றனர். மெய்ப்பெயரை ஒருவன் மற்றொருவனுக்குக் கூறுவானாயின், அது தன் உயிரையே அவன் கையில் ஒப்படைப்பதற்கு நிகராகும்.

பேர்க்லியில் இயங்கிய பார்னாசஸ் என்னும் சிறு பதிப்பகத்தார், வளர்ந்த சிறுவர்க்கென ஒரு நூல் எழுதித் தருமாறு லெ குவினைக் கேட்டனர். அவ்வேண்டுகோளின் பயனாக, ஏர்த்சீ வரிசையின் முதல் நாவல் 1968இல் வெளிவந்தது. மந்திரவாதி என்றாலே நரைத்த தாடியும் முதிர்ந்த வயதும் உடைய கிழவனையே கதைகள் காட்டிவந்த காலம் அது. அக்கிழவனும் ஒரு காலத்தில் இளைஞனாய் இருந்து, கல்வி கற்றுத்தானே மந்திரவாதியாகியிருப்பான் என்று லெ குவின் எண்ணினார். இவ்வாறு மந்திரக் கல்விக்கென ஒரு பள்ளிக்கூடம் அவருடைய கதையிலே தோன்றிற்று. ஹரி பொட்டர் நாவல்களின் முதல் நூல் 1997இலேயே வெளிவந்தது என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது.

கதைத் தலைவனின் மெய்ப்பெயர் கெட். ஊரார் அவனை வல்லூறு என்று அழைப்பர். கொன்ட் என்னும் மலைத்தீவிலே, வெண்கலக் கொல்லன் ஒருவனின் மகனாய்ப் பிறந்து, தாயற்று வளர்ந்து, ஆடு மேய்த்தவன் அவன். ஓகியன் என்னும் அமைதியே உருவான ஆசானிடம் சில காலம் பயின்றபின், றோக் தீவிலுள்ள மந்திரப் பள்ளியை அடைகிறான். ஆற்றல் அவனிடம் மிகுதி, செருக்கும் மிகுதி. சக மாணவன் ஒருவனின் ஏளனத்தைப் பொறாது, முன்னொரு காலத்திலே வாழ்ந்து மறைந்த பேரழகி ஒருத்தியின் ஆவியை அழைக்க முற்படுகிறான். அப்போது உலகின் திரை கிழிந்து, அதனூடாகப் பெயரில்லாத நிழல் ஒன்று வெளியே பாய்கிறது. அக்கிழிசலை மூடும் முயற்சியிற் பள்ளியின் முதுபெரும் தலைவர் உயிர் நீக்கிறார். கெட்டோ முகத்திலே வடுவுடன் உயிர் தப்புகிறான்.

பின்னர் நிழல் அவனைத் துரத்துகிறது. அவன் தீவு தீவாய் ஓடுகிறான். முடிவில், ஓகியனின் அறிவுரைப்படி, ஓடுவதை விடுத்து அந்நிழலைத் தானே தேடிச் செல்கிறான். வெச் என்னும் நண்பன் ஒருவனே துணை. சிறு படகொன்றில், நிலமே காணாத கிழக்குக் கடலின் கோடியில், அவன் நிழலை எதிர்கொள்கிறான். அங்கே போர் நிகழவில்லை. அவன் நிழலின் பெயரை உரைக்கிறான். நிழலும் அவன் பெயரை உரைக்கிறது. இரண்டும் ஒரே பெயர். தன் உள்ளிருந்த இருளைத் தனதென்று ஏற்றுக்கொண்ட மனிதன் முழுமை அடைகிறான். கதை அங்கே முடிகிறது.

இந்நாவலில் மற்றொரு புதுமையும் உண்டு. அக்காலத்து மேலைநாட்டு மாயக்கதைகளில் வீரனென்றால் வெள்ளை நிறத்தவன் என்பது எழுதாத சட்டமாய் இருந்தது. லெ குவினோ கெட்டுக்குச் செம்பு கலந்த பழுப்பு நிறத்தையும், வெச்சுக்குக் கறுப்பு நிறத்தையும் கொடுத்தார். வெள்ளை நிறமும் மஞ்சட் கூந்தலும் உடைய கார்காட் மக்கள், தொடக்கத்திற் கொள்ளையிட வரும் பகைவராகவே தோன்றுகின்றனர். இச்செய்தியை அவர் முரசறைந்து கூறவில்லை. வாசகன் கெட்டின் இன்பதுன்பங்களில் ஒன்றிவிட்ட பின்னரே, அவன் நிறம் இன்னதென்று மெல்லப் புலப்படுகிறது. நிறவேற்றுமை பாராட்டும் உள்ளமும் தன்னையறியாமல் வேறு நிறத்தவன் ஒருவனை நேசித்துவிட வேண்டுமென்பதே ஆசிரியரின் நோக்கம். ஆயினும் நெடுங்காலம் வரை நூலின் அட்டைப்படங்களிலே கெட் வெள்ளையனாகவே வரையப்பட்டான். ஆசிரியர் பலமுறை வாதாடியும், வேறு நிறமுடைய முகத்தை அட்டையிலிட்டால் நூல் விலைபோகாது என்ற எண்ணமே பதிப்புலகில் மேலோங்கி நின்றது.

1971இலும் 1972இலும் அடுத்த இரண்டு நாவல்கள் வெளிவந்தன. மூன்றாம் நாவல் 1973இல் அமெரிக்க தேசிய நூற்பரிசைப் பெற்றது. 1990இலும் 2001இலும் வரிசை மேலும் வளர்ந்தது. இத்துணைப் புகழ்பெற்ற நூல்களைத் திரையுலகம் நாடாதிருக்குமா? சிவப்புக் காலணிகள் பற்றிய நடனப் படத்தை 1948இல் உருவாக்கிய ஆங்கில இயக்குநர் மைக்கல் பவல் முதன்முதலில் ஆர்வம் கொண்டார். அவரும் லெ குவினும் இணைந்து, முதலிரு நாவல்களையும் தழுவித் திரைக்கதை ஒன்றினை எழுதினர். ஆனால் அது படமாகவில்லை. பவல் 1990இல் மறைந்தார்.

2001 முதல் 2003 வரை ரொல்கீனின் மோதிர நாவல் மூன்று திரைப்படங்களாக வெளிவந்து, இறுதிப்படம் மட்டும் பதினொரு ஒஸ்கார் பரிசுகளை வென்றது. மாயக்கதைகளுக்குப் பெருஞ்சந்தை உண்டென்பது அதனால் உறுதியாயிற்று. ஏர்த்சீயை நாடி வந்த தயாரிப்பாளர்கள், அம்மோதிரப் படங்களின் திரைக்கதையாசிரியருள் ஒருவரான பிலிப்பா போயன்ஸ் இதனையும் எழுதுவார் என்று கூறினர். அதனை நம்பியே லெ குவின் உரிமையை விற்றார். பின்னர் எழுதியவர் வேறொருவர். ஆலோசகர் என்ற பெயர் மாத்திரம் லெ குவினுக்கு இருந்தது. அவருடைய ஆலோசனைக்கு இடமிருக்கவில்லை.

2004ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் அது இரு பகுதிகளாக ஒளிபரப்பாயிற்று. ஓகியனாக டனி குளோவர் என்னும் கறுப்பின நடிகர் தோன்றினார். கெட்டோ வெள்ளை இளைஞனாகிவிட்டான். அதனினும் வியப்பானது பெயர் மாற்றமாகும். மறைக்கப்பட வேண்டிய மெய்ப்பெயர் ஊரார் அழைக்கும் பெயராகவும், வழக்குப்பெயர் மறைபொருளாகவும் தலைகீழாக்கப்பட்டன. பெயரே உயிர்நாடியாக அமைந்த கதையில் பெயரையே மாற்றிவிட்டால் எஞ்சுவது யாது? அதே மாதத்தில் லெ குவின் கட்டுரை ஒன்று எழுதி, தம் தீவுகளுக்கு வெள்ளையடிக்கப்பட்டதை வெளிப்படையாகக் கண்டித்தார். தம் நூலைப் படித்த கறுப்பின, பழங்குடி இளைஞர்கள், மாயக்கதை ஒன்றில் முதன்முதலாகத் தம்மைக் கண்டதாகக் கூறிய மகிழ்ச்சியை அவர் அறிந்திருந்தார். அவர்களிடமிருந்து கெட் பறிக்கப்பட்டான் என்பதே அவருடைய வருத்தம்.

இரண்டாம் முயற்சி யப்பானில் நிகழ்ந்தது. புகழ்பெற்ற சித்திரப்பட இயக்குநர் ஹயாவோ மியசாக்கி 1980களிலேயே அனுமதி கேட்டிருந்தார். அப்போது அவருடைய படங்களை அறியாத லெ குவின் மறுத்துவிட்டார். பின்னாளில், 1988இல் வெளிவந்த தொதோரோ என்னும் படத்தைக் கண்டு பெரிதும் வியந்து, இவரே தக்கவர் என முடிவு செய்தார். ஆனால் காலம் கடந்திருந்தது. படத்தை இயக்கும் பொறுப்பு, முன்பு படம் எதுவும் இயக்கியிராத மகன் கோரோ மியசாக்கியிடம் சென்றது. 2006இல் யப்பானில் வெளிவந்த அப்படம், அமெரிக்கத் திரையரங்குகளை 2010இலேயே அடைந்தது.

அது அழகிய படமே என்பதை லெ குவின் மறுக்கவில்லை. ஆயினும் அது தம்முடைய கதையன்று என்றார். அவருடைய குறை ஆழமானது. படத்திலே தீமை முழுவதும் கொப் என்னும் ஒருவனின் உருவிற் குவிக்கப்பட்டு, அவன் அழிந்ததும் தொல்லை தீர்ந்துவிடுகிறது. நாவல்களிலோ இருள் நம்முள்ளேயே உறைவது. வாளால் வெட்டி எறியக்கூடியதன்று. ஒருவனைக் கொன்றால் உலகம் சீராகிவிடும் என்னும் எளிய பாடத்தை மறுக்கவே அவர் அக்கதைகளை எழுதினார். அப்பாடத்தையே திரை மீண்டும் கற்பித்தது.

நாவலைத் திரைக்குக் கொணர்வோர் எதனையும் மாற்றலாகாது என்பது இதன் பொருளன்று. மோதிரப் படங்களில் முழு அதிகாரங்கள் விடப்பட்டன. ஆயினும் ஆசையே ஆளை அழிக்கும் என்னும் கருத்து சிதையவில்லை. கிளைகளை வெட்டியவர்கள் வேரை விட்டுவைத்தார்கள். ஏர்த்சீயில் நேர்ந்தது இதற்கு மாறானது. மந்திரக்கோலும் பறவைநாகமும் படகும் திரைக்கு வந்தன. நிறமும் பெயரும் உட்பகையும் வெளியே நின்றன.

இவ்விடத்தில் வானொலியையும் குறிப்பிடுதல் தகும். பி.பி.சி. நிறுவனம் 1996இலும் 2015இலும் ஏர்த்சீயை ஒலிநாடகமாக்கி ஒலிபரப்பியது. மெய்ப்பெயர் என்பது கண்ணாற் காணும் பொருளன்று; வாயால் உரைத்துச் செவியாற் கேட்பது. கெட்டும் நிழலும் ஒரே பெயரை ஒருசேர உரைக்கும் கணத்திற்குப் பெருங்காட்சியும் பேரொலியும் வேண்டா. ஒரு சொல்லும், அதன் பின் சிறிது மௌனமும் போதும். இதனைத் திரையும் வானொலியிடம் கற்றுக்கொள்ளலாம்.

லெ குவின் 2018ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், தம் எண்பத்தெட்டாம் வயதிற் காலமானார். அவர் மனம் நிறைந்து ஏற்கத்தக்க திரைப்படம் ஒன்றினைக் காணாமலே மறைந்தார். அதனை எடுக்க முன்வருவோர்க்குப் பெருஞ்சேனைகள் தேவையில்லை; எரியும் கோட்டைகளும் தேவையில்லை. பழுப்பு முகத்தில் வடுவுடைய ஓர் இளைஞன், கறுப்பு நிறத் தோழன் ஒருவன், சிறு படகு, எல்லையற்ற கடல் ஆகிய இவை போதும். இவற்றுடன், தன் பகைவனுக்குத் தன் பெயரையே சூட்டும் மனிதனைக் காட்டுவதற்கு வேண்டிய துணிவும் தேவை. அத்துணிவு உடையவரின் திரைக்கே ஏர்த்சீ உரியது.